கண்ணாடியை மாட்டிப் பார்க்கும் முன்

மூக்குக்கண்ணாடி விற்கும் இணையதளத்தில் 'மாட்டிப் பாருங்கள்' என்ற பொத்தானைத் தட்டினால், செல்போன் முதலில் ஒரே ஒரு கேள்வி கேட்கும்: கேமராவை இந்தத் தளம் பயன்படுத்தலாமா? நம்மில் பெரும்பாலோர் படிக்காமலே 'அனுமதி' என்று தட்டிவிடுகிறோம். அடுத்த நொடி பிரேம் மூக்கின் மேல் வந்து உட்கார்கிறது. தலையைத் திருப்பினால் கூடவே திரும்புகிறது. இதற்கென்று ஆப் எதையும் இறக்க வேண்டியதில்லை. எல்லாம் பிரவுசருக்குள்ளேயே நடக்கிறது.

முப்பரிமாண இணையம் என்பது பழைய ஆசை. 1994லேயே வி.ஆர்.எம்.எல். என்ற மொழி அதற்காக உருவானது. அன்றைய டயல்-அப் இணைப்பில் அது எழுந்து நடக்கவே இல்லை. 2011ல் வெப்ஜிஎல் வந்த பிறகுதான், தனி மென்பொருள் இல்லாமல் பிரவுசரே கிராபிக்ஸ் சிப்பை நேரடியாக வேலை வாங்க முடிந்தது. கண்ணில் மாட்டிக்கொள்ளும் மெய்நிகர் ஹெட்செட்டையும் பிரவுசரோடு இணைக்க இப்போது வெப்எக்ஸ்ஆர் இருக்கிறது. தோடு, சோபா, அடுக்குமாடி வீடு எல்லாவற்றையும் திரையில் சுற்றிப் பார்த்து முடிவெடுக்கும் பழக்கம் இனி பெருகத்தான் செய்யும். அதில் தவறில்லை. ஆனால் முகம் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் எந்தத் தளமும் கண்ணாடியை மாட்டிவிட முடியாது. நாம் பொருளைப் பார்க்க வேண்டுமென்றால், தளம் நம்மைப் பார்த்தாக வேண்டும்.

எவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கிறது? பரவலாகப் பயன்படும் கூகுளின் மீடியாபைப் மென்பொருள் முகத்தில் 468 புள்ளிகளை முப்பரிமாணத்தில் குறிக்கிறது. புருவ வளைவு, மூக்கின் உயரம், தாடையின் அகலம் எல்லாம் அதில் அடங்கும். இந்தக் கணக்கு உங்கள் போனுக்குள்ளேயே நடந்து அங்கேயே அழிந்துவிட்டால் கவலை குறைவு. படம் நிறுவனத்தின் சர்வருக்குப் போனால் கதை வேறு. திரையைப் பார்த்து இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்க முடியாது. எளிய சோதனை ஒன்று உண்டு: பிரேம் முகத்தில் உட்கார்ந்ததும் மொபைல் டேட்டாவையும் வைஃபையையும் அணைத்துவிடுங்கள். அதன் பிறகும் அது முகத்தோடு நகர்ந்தால், கணக்கு போனில்தான் நடக்கிறது. ஆனால் பிற்பாடு எதையும் அனுப்ப மாட்டார்கள் என்பதற்கு இது அத்தாட்சி ஆகாது.

இன்னொரு விஷயம் பலர் கண்ணில் படுவதில்லை. கண்மணிகளுக்கு இடையிலான தூரத்தை, அதாவது கண்ணாடிக் கடைக்காரர்கள் 'பி.டி.' என்பதை, அளக்கச் சில தளங்கள் ஏடிஎம் கார்டை நெற்றியில் வைத்துப் படம் எடுக்கச் சொல்கின்றன. எல்லா வங்கிக் கார்டும் 85.6 மில்லிமீட்டர் அகலம் என்பதால் அதை அளவுகோலாக வைத்துக்கொள்கிறார்கள். கணக்கு சரிதான். ஆனால் முன்பக்கத்தைக் காட்டினால் கார்டு எண், பின்பக்கத்தைக் காட்டினால் சிவிவி! அதே அளவில் இருக்கும் சூப்பர் மார்க்கெட் உறுப்பினர் அட்டை ஒன்றை வைத்தாலே போதும்.

சட்டம் என்ன சொல்கிறது? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017ல் தீர்ப்பளித்தது. 2023ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. என்ன தரவு, எதற்காக என்று தெளிவாகச் சொல்லித்தான் சம்மதம் வாங்க வேண்டும். அந்த அறிவிப்பைத் தமிழிலேயே கேட்டுப் பெறலாம். கொடுத்த சம்மதத்தை, கொடுத்த அதே சுலபத்தோடு திரும்பப் பெறலாம். தரவை அழிக்கச் சொல்லலாம். 18 வயதுக்குட்பட்டவர் என்றால் பெற்றோர் சம்மதம் கட்டாயம். பாதுகாப்பில் கோட்டை விட்டால் ரூ.250 கோடி வரை அபராதம்.

படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் இதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. முக்கியமான உரிமைகளும் கடமைகளும் 18 மாதம் கழித்து, அறிவித்த அட்டவணைப்படி 2027 மே மாதத்தில்தான் நடைமுறைக்கு வரும். வந்த பிறகும் ஒரு குறை இருக்கும். அபராதம் முழுவதும் அரசுக் கருவூலத்துக்குப் போகும். முகத்தைப் பறிகொடுத்தவருக்கு ஒரு ரூபாய்கூடக் கிடைக்காது. இப்போது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவு, அலட்சியமான நிறுவனத்திடம் இழப்பீடு கேட்க வழி தருகிறது. மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலர்தான் அதற்கான தீர்ப்பு அலுவலர். புதிய சட்டம் முழுமையாக அமலாகும்போது அந்தப் பிரிவே நீக்கப்படும். இருக்கிற கதவையும் சாத்திவிட்டுப் புதுச் சட்டம் கொண்டுவருவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

43ஏ-யிலும் ஓட்டை உண்டு. அது காப்பது உணர்திறன் மிக்க தரவை மட்டுமே. அதன்கீழ் வந்த 2011ஆம் ஆண்டு விதிகள், முக அமைப்பை 'அடையாளத்தை உறுதிசெய்யும் நோக்கத்துக்காக' அளக்கும்போதுதான் உணர்திறன் மிக்க தரவு என்கின்றன. 'நாங்கள் அடையாளம் பார்க்கவில்லை, பிரேம்தான் மாட்டினோம்' என்று நிறுவனம் வாதிடலாம். அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலம் 2008லேயே, முக வடிவத்தை அனுமதியின்றி எடுத்தால் பாதிக்கப்பட்டவரே வழக்குப் போட்டு ஒரு மீறலுக்கு 1,000 அல்லது 5,000 டாலர் கேட்கலாம் என்று சட்டம் செய்தது. அங்கேயும் கண்ணாடி மாட்டிப் பார்த்தது தொடர்பான சில வழக்குகள் தள்ளுபடியாயின. கண்ணாடி மருத்துவச் சேவையில் சேரும், மருத்துவத்துக்குச் சட்டத்திலேயே விலக்கு உண்டு என்று காரணம் சொல்லப்பட்டது.

நம் நாட்டு நுகர்வோர் சட்டத்தின் நிலை இதைவிடத் தெளிவு. திரையில் காட்டியதற்கும் வந்து சேர்ந்ததற்கும் அளவிலோ தன்மையிலோ பொருத்தம் இல்லையென்றால், திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்கின்றன 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகள். குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நகரவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழையுங்கள். அதற்கும் மசியாவிட்டால் நீங்கள் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், ரூ.5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. ஆனால் சுழலும் முப்பரிமாணக் காட்சி நாளைக்கே மாற்றப்படலாம். வாங்கும்போதே திரையைப் பதிவு செய்து வையுங்கள். படம் திருடி மிரட்டினாலோ பணம் போனாலோ சைபர் குற்ற உதவி எண் 1930.

ஹெட்செட் பரவும்போது சிக்கல் இன்னும் ஆழமாகும். 2023ல் கலிபோர்னியா பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 'பீட் சேபர்' என்ற விளையாட்டை ஆடிய 50,000க்கும் அதிகமானோரின் தலை, கை அசைவுகளை ஆராய்ந்தார்கள். வெறும் 100 வினாடி அசைவை வைத்தே 94 சதவீதத் துல்லியத்தோடு ஆளைக் கண்டுபிடிக்க முடிந்தது. பெயரும் வேண்டாம், முகமும் வேண்டாம். கேமராவை மறைக்கலாம், ஹெட்செட்டுக்குள் தலையை அசைக்காமல் எப்படி இருப்பது?

பார்வையற்றோரின் உரிமையும் இதில் அடிபடுகிறது. முப்பரிமாணக் காட்சி ஒரே ஓவியப் பரப்பாக வரையப்படுவதால், உருவாக்குபவர் தனியே விவரம் எழுதாவிட்டால் திரைவாசிப்பான் அங்கே ஊமையாகிவிடும். டிஜிட்டல் அணுகல் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் சொல்லிவிட்டது. அதைக் காட்டி இத்தகைய தளங்களிடம் கேட்கலாம், கேட்க வேண்டும்.

இந்தக் கட்டுரையை மூடியதும் பிரவுசரின் அமைப்புகளுக்குள் போய், தள அனுமதிகளில் கேமரா பட்டியலைத் திறந்து பாருங்கள். என்றைக்கோ அனுமதித்து மறந்துபோன தளங்கள் அங்கே வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றாக நீக்குங்கள். அடுத்த முறை கேட்கும்போது 'இந்த முறை மட்டும்' என்பது இருந்தால் அதையே தட்டுங்கள்.