ஆற்று நீரும் ஐக்கியமும்

ஓர் ஆற்றை நம்பிப் பலர் வாழ்கின்றனர். மேட்டில் உள்ளோர் பாசனத்துக்கு நீர் எடுக்கின்றனர். இடையில் உள்ளோர் தொழிலுக்கு எடுக்கின்றனர். கீழே உள்ளோருக்கு எஞ்சியதே கிடைக்கிறது. மழை குறைந்த ஆண்டில் அயலார் பகைவராகி விடுவதையும் நாம் கண்டிருக்கிறோம். அத்தகைய பகையிலிருந்து ஓர் உடன்படிக்கை எவ்வாறு பிறந்தது என்பதை அமெரிக்க நாட்டின் கிளாமத் ஆற்றைக் கொண்டு அங்கத்தினர்களுக்கு விளக்க முற்படுகிறோம்.

கிளாமத் ஆறு ஆரிகன் மாநிலத்தில் தோன்றி, கலிபோர்னியா மாநிலத்தின் வழியே, ஏறத்தாழ 410 கிலோமீட்டர் ஓடிப் பசிபிக் கடலில் கலக்கிறது. அதன் மேற்பகுதியில் சர்க்கார் பாசனத் திட்டத்தின்கீழ் உருளைக்கிழங்கும் தானியமும் தீவனப் புல்லும் விளைகின்றன. கீழ்ப்பகுதியில் யூரோக், காரூக், ஹூப்பா ஆகிய பழங்குடியினர் தொன்றுதொட்டுச் சால்மன் மீனை நம்பி வாழ்கின்றனர். சால்மன், கடலில் வளர்ந்து, முட்டையிடும் பருவத்தில் ஆற்றில் எதிரேறி வரும் மீன். ஆற்றின் இடையிலோ ஒரு மின்சாரக் கம்பெனியின் நான்கு அணைகள் குறுக்கே நின்றன. அவை மின்சாரத்துக்காகவே கட்டப்பட்டவை. பாசனத்துக்கு அவற்றிலிருந்து நீர் செல்வதில்லை. மீன் மேலே செல்லும் வழியை மட்டும் அவை அடைத்துவிட்டன.

2001ஆம் ஆண்டு வறட்சியில், அழியும் நிலையிலிருந்த மீனினங்களைக் காக்கும் பொருட்டு, விவசாயிகளில் பெரும்பாலோருக்குச் சர்க்கார் நீரை நிறுத்திற்று. வயல்கள் காய்ந்தன. மறு ஆண்டு விவசாயிகளுக்கு நீர் விடப்பட்டது. ஆற்றில் நீர் குறைந்து வெப்பமேறிற்று. நெருங்கி நின்ற மீன்களின் செவுள்களில் நோய் பரவிற்று. 2002 செப்டம்பரில் 30,000க்கும் மேற்பட்ட சால்மன்கள் முட்டையிடுமுன்பே மடிந்து கரையொதுங்கின. கிளாமத் மீன் குன்றியதனால் 2006இல் கடல் மீனவருக்கும் தடை வந்தது. ஆக, ஒருவர் வென்ற ஆண்டில் மற்றவர் தோற்றனர். எவரும் நிலையாக வெல்லவில்லை.

இவ்வுண்மையே அவர்களை ஒரு மேசைக்குக் கொணர்ந்தது. பழங்குடிப் பிரதிநிதிகள் 2004இல் ஸ்காட்லாந்து வரை சென்று, மின்சாரக் கம்பெனியின் அன்றைய உரிமையாளரான தாய்க் கம்பெனியின் பங்குதாரர் கூட்டத்தின்போது தம் குறையை எடுத்துரைத்தனர். பின்னர் நீண்ட பேச்சுகள் நடந்தன. 2010 பிப்ரவரியில் விவசாயிகளின் நீர்ப் பயனாளர் சங்கம், மீனவர் சங்கக் கூட்டமைப்பு, யூரோக், காரூக், கிளாமத் பழங்குடியினர், இரு மாநில சர்க்கார்கள் ஆகியோர் கையெழுத்திட்டனர். விவசாயிகள் தாம் எடுக்கும் நீருக்கு ஒரு வரம்பை ஏற்றனர். பழங்குடியினர் அந்த வரம்புக்குட்பட்ட நீர் உறுதியாகக் கிடைக்க இசைந்தனர். அணைகளை அகற்றுவதற்குக் கம்பெனியும் தனி உடன்படிக்கையில் ஒப்பிற்று.

எல்லோரும் சேர்ந்துவிடவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. தம் நீருரிமை குறைந்துவிடும் என்று கருதிய ஹூப்பா மக்கள் கையெழுத்திட மறுத்தனர். நீர்ப் பங்கீட்டு உடன்படிக்கைக்கு நாட்டின் பாராளுமன்றம் ஒப்புதல் தராமையால், 2015 முடிவில் அது காலாவதியாயிற்று. எனினும் கூட்டமைப்பு கலைந்து போகவில்லை. அணைகளைப் பற்றிய பகுதியை மட்டும் 2016இல் திருத்தியமைத்தனர். அதற்குப் பாராளுமன்றத்தின் ஒப்புதல் வேண்டியிருக்கவில்லை. மின்சார ஒழுங்கு ஆணையம் 2022 நவம்பரில் அனுமதி அளித்தது. 2023இல் ஓர் அணையும், 2024இல் மற்ற மூன்றும் அகற்றப்பட்டன. அவ்வாண்டு அக்டோபரிலேயே சால்மன்கள் அணைகள் இருந்த இடத்தைக் கடந்து ஆரிகனுக்குள் சென்றன.

மீனுக்கு வழி திறந்தது. நீர்ப் பங்கீடு தீரவில்லை. 2021 வறட்சியில் மீண்டும் விவசாயிகளின் வாய்க்கால் மூடப்பட்டது. அதே ஆண்டு மீன் குஞ்சுகளும் மடிந்தன. எழுதி முடித்த பகுதி நிறைவேறிற்று. காலாவதியாக விட்ட பகுதி இன்றும் வழக்காகவே நிற்கிறது.

நம் அங்கத்தினர்களில் சாயத் தொட்டி வைத்தோரும் உளர். அதே ஆற்று நீரைப் பாய்ச்சுவோரும் உளர். நொய்யல் ஆற்றில் சாயக் கழிவு கலந்ததை எதிர்த்து ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றம் சென்றனர். 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. அதற்குள் நிலம் கெட்டிருந்தது. ஆணைக்குப் பின் பட்டறைத் தொழிலாளர் பிழைப்பும் நின்றது. தீர்ப்பு நியாயம் வழங்கும். இருதரப்பாரையும் அருகருகே உட்கார வைப்பது அதன் வேலையன்று. அது சங்கங்களின் வேலை.

சங்கத்தின் துணை விதிகளைத் தகராறு வருமுன்பே எழுதி வைக்கிறோம். ஆற்று விஷயத்திலும் அவ்வாறே செய்தல் வேண்டும். நீர் நிறைந்த ஆண்டிலேயே நெசவாளர், விவசாயி, மீனவர் சங்கங்கள் கூடி, வறண்ட ஆண்டில் யார் எவ்வளவு குறைத்துக் கொள்வது, கழிவை யார் எங்கே சுத்திகரிப்பது, அதை யார் பார்வையிடுவது என்று தீர்மானம் எழுத வேண்டும். வாய்ப்பேச்சு வெயிலில் காய்ந்துவிடும், எழுத்தே நிற்கும்.