கூடை சுமந்தால் போதுமா?

மரக்காணம் உப்பளங்களைப் பார்க்க மாணவர்கள் வருகிறார்கள். சென்னையிலிருந்து வருகிறார்கள், புதுவையிலிருந்து வருகிறார்கள், கடல் கடந்த நாடுகளிலிருந்தும் வருகிறார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டியை நிறுத்தி இறங்குகிறார்கள். வெள்ளை வெளேரென்று குவிந்து நிற்கும் உப்பு அம்பாரங்களைக் கண்டு வியக்கிறார்கள். பண்பாட்டுப் பரிமாற்றம் என்று அந்தப் பயணத்துக்குப் பெயர். தொண்டுப் பயணம் என்றும் பெயர். சிலர் ஒரு கூடை உப்பைத் தலையில் ஏற்றிப் பார்க்கிறார்கள். படம் எடுத்துக் கொள்கிறார்கள். பிறகு வண்டி புறப்பட்டு விடுகிறது.

இதைப் பற்றி நம் தோழர்களிடையே இரண்டு விதமான பேச்சு உண்டு. "வசதி படைத்த வீட்டுப் பிள்ளைகளின் உல்லாசப் பயணம் இது, நம் வியர்வை அவர்களுக்கு வேடிக்கை, வராமல் இருந்தாலே நல்லது" என்பார் ஒரு சாரார். "வந்த விருந்தினரைக் குறை சொல்லலாமா? மாலை போடுவோம், இளநீர் கொடுப்போம், வாழ்த்தி அனுப்புவோம்" என்பார் மற்றொரு சாரார். இரண்டையும் நாம் ஏற்பதற்கில்லை. விரட்டுவதும் தவறு, வெறுமனே வாழ்த்தி அனுப்புவதும் தவறு. ஏன் என்று சொல்லுகிறோம்.

வெளியூரார் வருவது மரக்காணத்துக்குப் புதிதன்று. ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் பாடிய சிறுபாணாற்றுப்படை, பாணர் கூட்டம் செல்லும் வழியில் எயிற்பட்டினம் என்னும் கடற்கரை ஊரைச் சொல்லுகிறது. அந்த எயிற்பட்டினமே இன்றைய மரக்காணம் என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். பாணன் வெறுங்கையோடு வந்து வயிறு நிறைய உண்டு போனான். ஆனால் அவன் பாட்டைக் கொடுத்தான். நெய்தல் நிலத்து உமணர் மாட்டு வண்டியில் குடும்பத்தோடு உள்நாட்டுக்குப் போயினர். உப்பைக் கொடுத்து நெல்லைப் பெற்று வந்தனர். நெல்லுக்கு உப்பு நேர் அளவில் மாறியது என்று சங்கப் பாட்டு சொல்லுகிறது. பரிமாற்றம் என்றால் பொருள் அதுதான். ஒரு கை கொடுக்க, மறு கை வாங்க வேண்டும். ஒருவர் பார்க்க, மற்றவர் பார்க்கப்படுவது பரிமாற்றமாகாது, அது காட்சிசாலை.

உப்பைத் தேடி மாணவர்கள் நடந்த வரலாறும் இந்நாட்டில் உண்டு. 1930 மார்ச் 12-ஆம் நாள் காந்தியார் 78 பேருடன் சபர்மதியிலிருந்து தண்டிக்குப் புறப்பட்டார். 241 மைல் நடை. அந்தப் படைக்கு முன்னால் குஜராத் வித்யாபீட மாணவர்கள் ஒரு குழுவாகச் சென்றனர். எதற்கு? மேடை போடவா? இல்லை. ஒவ்வோர் ஊரிலும் மக்கள் தொகை எவ்வளவு, தாழ்த்தப்பட்டோர் எத்தனை பேர், கால்நடை எத்தனை, உப்புச் செலவு எவ்வளவு என்று விவரம் திரட்டச் சென்றனர். தலைவர் பேசுவதற்கு முன் மாணவர்கள் கேட்டுத் தெரிந்து கொண்டார்கள். அந்த முறையில் இன்றைக்கும் நமக்குப் பாடம் இருக்கிறது.

அதே பயணத்தில் இன்னொரு செய்தியும் உண்டு. பாட்டாளித் தோழர்கள் அதை மறக்கக் கூடாது. மார்ச் 29-ஆம் நாள் பட்காம் என்னும் ஊரில் காந்தியார் தம் தொண்டர்களையே கடிந்து கொண்டார். இரவு நடைக்கு வெளிச்சம் வேண்டுமென்று, கனமான கிட்சன் விளக்கு ஒன்றை ஓர் ஏழைக் கூலியாளின் தலையில் ஏற்றி, அவரை வேகமாக நடக்கச் சொல்லியிருந்தார்கள். சூரத்திலிருந்து பாலும் காய்கறியும் தருவித்திருந்தார்கள். ஏழை நாட்டில் ஏழைக்காகப் புறப்பட்டவர்கள் இப்படிச் செய்யலாமா என்று அவர் கேட்டார். காந்தியாரின் கொள்கைகளோடு நமக்கு எத்தனை வேற்றுமை இருந்தாலும், இந்தக் கேள்வி நேர்மையான கேள்வி. தொண்டு செய்ய வந்தவனின் வசதி, தொண்டு பெறுபவன் தலையில் சுமையாக ஏறக் கூடாது.

தமிழ்நாட்டிலும் அதே ஆண்டு ஏப்ரல் 13-இல் திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்கு ஏறத்தாழ நூறு தொண்டர்கள் நடந்தார்கள். அவர்களுக்குச் சோறு போட்டால் தண்டனை என்று தஞ்சை மாவட்டக் கலெக்டர் தோர்ன் ஆணையிட்டார். மக்கள் என்ன செய்தார்கள்? சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். வந்தவர்கள் தம் வேலைக்கு வந்தவர்கள் என்று ஊர் உணர்ந்தால், ஊர் அவர்களைக் காப்பாற்றும். அந்த உணர்வை விளம்பரத்தால் வாங்க முடியாது.

இனி வெளிநாட்டார் கதைக்கு வருவோம். 1934 சனவரி 15-இல் பீகாரில் பெரும் பூகம்பம். பியர் செரெசோல் என்ற சுவிட்சர்லாந்துப் பொறியாளர் அங்கே வந்தார். சுவிட்சர்லாந்தின் தலைவராக இருந்தவரின் மகன் அவர். முதல் உலகப் போரில் சிதைந்த பிரெஞ்சு நாட்டு வெர்டன் பகுதியில், 1920-இல், ஜெர்மானியரையும் சேர்த்துக் கொண்டு வீடு கட்டும் முகாம் நடத்தியவர். "பேச்சன்று, செயல்" என்பது அவர் தொடங்கிய இயக்கத்தின் கொள்கை. பீகாரில் அவரும் சில தோழர்களும் மண்வெட்டி பிடித்தார்கள். வெள்ளம் சூழும் ஊர்களை மேட்டு நிலத்துக்கு மாற்றிக் கட்டுவதில் கிராமத்தாரோடு சேர்ந்து உழைத்தார்கள். ஒரு நாள் வந்து போகவில்லை. 1937 வரை அந்த வேலை அவரை இந்தியாவுக்கு இழுத்தது.

1952-இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலீஸ் கலிபோர்னியாப் பல்கலைக் கழகத்திலிருந்து பன்னிரண்டு மாணவர்கள் கோடை விடுமுறையில் இந்தியா வந்தார்கள். "புராஜெக்ட் இந்தியா" என்று அந்தத் திட்டத்துக்குப் பெயர். ஆண்டுதோறும் புதிய குழு வந்தது. 1969 வரை நீடித்தது. கல்லூரி கல்லூரியாகச் சென்று பேசினார்கள். இடையிடையே உடலுழைப்பிலும் கலந்து கொண்டார்கள். நம் மாணவர்கள் சும்மா இருந்தார்களா? "உங்கள் நாட்டில் கறுப்பின மக்களை ஒதுக்கி வைத்திருக்கிறீர்களே, அது ஏன்?" என்று கேட்டார்கள். வந்தவர்கள் பதில் சொல்லியாக வேண்டியிருந்தது. அந்தக் காலத்தில் அமெரிக்காவும் சோவியத்தும் உலகத்தின் நட்புக்குப் போட்டியிட்ட நேரம். நட்பை விதைக்க வந்த மாணவர்கள், தம் நாட்டு அநீதியைப் பற்றிய கேள்வியைச் சுமந்து திரும்பினார்கள். அது நல்ல பரிமாற்றம். இங்கிருந்து எழுந்த கேள்வி அங்கே போய்ச் சேர்ந்தது.

பின்னர் 1961-இல் அமெரிக்க அரசே அமைதிப் படை என்ற பெயரில் இளைஞர்களை இந்தியாவுக்கு அனுப்பியது. 1976-இல் அந்தப் படை நாட்டை விட்டுச் சென்றது. மரக்காணத்துக்குத் தெற்கே, 1968 பிப்ரவரி 28-இல் ஆரோவில் தொடங்கப்பட்ட நாளில், 124 நாடுகளின் மண்ணை இளைஞர்கள் ஒரு கலசத்தில் இட்டார்கள். அடுத்த ஆண்டே, காந்தியார் நூற்றாண்டை ஒட்டி, நாட்டு நலப்பணித் திட்டம் 37 பல்கலைக் கழகங்களில் தொடங்கிற்று. இன்றும் அதில் சேரும் மாணவர் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் பணியாற்ற வேண்டும். ஏழு நாள் முகாமுக்கு ஏதேனும் ஓர் ஊருக்குப் போக வேண்டும்.

ஆகவே மாணவர் பயணம் தீதென்று யாரும் சொல்ல முடியாது. பயனுள்ளதும் உண்டு, பயனற்றதும் உண்டு. எதைக் கொண்டு பிரித்தறிவது? வண்டி போன பிறகு என்ன மிஞ்சுகிறது என்பதைக் கொண்டுதான்.

2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை நம் கரையைத் தாக்கிய போது, ஓடி வந்து பிணம் எடுத்த இளைஞர்களை நாம் கண்டோம். குடிசை போட்டவர்களைக் கண்டோம். அதே நேரத்தில், நாகை மாவட்டத்துச் சாலையோரங்களில் யாரும் தொடாத பழைய துணி மூட்டைகள் குவிந்து கிடந்ததையும் நாடு கண்டது. அனுப்பியவர்களின் நெஞ்சில் இரக்கம் இருந்தது. என்ன வேண்டும் என்று கேட்கும் பொறுமை இல்லை.

உப்பளத்தில் என்ன வேண்டும் என்று கேட்க வருபவன், முதலில் உப்பு எப்படி விளைகிறது என்று தெரிந்து கொள்ளட்டும். ஆயிரம் லிட்டர் கடல் நீரில் ஏறத்தாழ 35 கிலோ உப்புப் பொருள்கள் கரைந்திருக்கின்றன. உவர்நீரைத் தெப்பத்தில் தேக்கி, பாத்தி பாத்தியாக மாற்றி, வெயிலில் காய வைக்கிறார்கள். மூன்று பாகையில் தொடங்கும் நீர் இருபத்தைந்து பாகைக்கு இறுகினால்தான் உப்பு பூக்கும். இன்னும் நான்கைந்து பாகை ஏறினால் கசப்பு நீர். அதை வெளியேற்ற வேண்டும். படிக்காதவர் என்று நாம் எண்ணும் அளத்துத் தொழிலாளி, நீரின் நிறத்தையும் பாத்தியின் ஓரத்தையும் பார்த்தே பதத்தைச் சொல்லி விடுகிறார். வேதியியல் பட்டம் படிக்கும் மாணவன் அவர் காலடியில் ஒரு வாரம் இருந்து கற்கலாம்.

பிறகு அந்தக் காலைப் பார்க்கட்டும். உப்பு நீரில் ஊறி வெடித்த கால். வெள்ளைப் பாத்தியில் பட்டுத் திரும்பும் வெயிலில் கூசி மங்கும் கண். நிழலுக்கு ஒரு கொட்டகையும், குடிக்க நல்ல தண்ணீரும், பெண்கள் ஒதுங்க ஓர் இடமும் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாத வேலை. ஒதுங்க இடமில்லை என்பதால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக் கொண்டு, அதனால் நோய் தேடிக் கொள்ளும் தாய்மார்களின் துன்பம் எந்தப் படத்திலும் விழுவதில்லை.

மற்றொன்று சொல்ல வேண்டும். வெளிநாட்டு மாணவர் பலரும் டிசம்பர், சனவரி விடுமுறையில் வருகிறார்கள். அப்போது வடகிழக்குப் பருவமழை பெய்து ஓய்ந்திருக்கும். உப்பளம் ஏரியாகக் காட்சி தரும். பக்கத்தில் கழுவெளி, 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட உவர்நீர் ஏரி. தூரதேசத்துப் பறவைகள் இறங்கியிருக்கும். என்ன அழகு என்பார்கள். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தண்ணீருக்கு அடியில் இருப்பது மூவாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட வேலை நிலம். தண்ணீர் நிற்கும் வரை கூலி இல்லை. கூலி இல்லாத மாதங்களில் முன்பணம் வாங்கியவர், கோடையில் அதை உழைத்துக் கழிக்கிறார். பறவைக்கு அது பருவம். பாட்டாளிக்கு அது பட்டினி. உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் தரும் திட்டத்தைத் தமிழக அரசு 2022-இல் நடைமுறைக்குக் கொண்டு வந்தது, இந்தப் பட்டினியை அரசே ஒப்புக் கொண்டதன் அடையாளம்.

எனவே வருகின்ற மாணவர்களுக்கு நாம் நான்கு சொல் சொல்லுகிறோம்.

முதலாவது, கூடையைத் தூக்குமுன் கணக்கைத் தூக்குங்கள். பொருளாதாரம் படிப்பவர் அளத்து மேட்டில் உப்பு என்ன விலைக்குப் போகிறது, நகரத்துக் கடையில் பொட்டலம் என்ன விலைக்கு விற்கிறது, இடையில் உள்ள பணம் எங்கே போகிறது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அந்தத் தாள் எங்கள் தோழர்களிடமும் ஒரு பிரதி இருக்கட்டும்.

இரண்டாவது, உங்கள் கைக்குத் தெரிந்த வேலையைச் செய்யுங்கள். ஒரு நாள் உப்பு வாரினால் அளத்துக்கு ஆதாயமில்லை. அன்று கூலிக்கு வரும் ஒருவரின் வேலையை நீங்கள் இலவசமாகச் செய்வதாகவும் முடியலாம். சட்டம் படிப்பவர் நல வாரியப் பதிவு இல்லாதவர்களின் விண்ணப்பத்தை நிரப்புங்கள். நிவாரணப் பட்டியலில் யார் பெயர் விடுபட்டது என்று பாருங்கள். மருத்துவம் படிப்பவர் கண்ணையும் காலையும் சோதியுங்கள். அடுத்த ஆண்டும் வந்து அதே கண்ணைச் சோதியுங்கள்.

மூன்றாவது, மழை மாதத்தில் வந்தால் பறவையைப் பார்த்துவிட்டு, குடியிருப்புக்கும் வாருங்கள். அடுப்பு எரிகிறதா என்று பாருங்கள்.

நான்காவது, அழைத்துப் போங்கள். நீங்கள் இருபது பேர் இங்கே வந்தால், அளத்துத் தொழிலாளியின் மகனும் மகளும் இரண்டு பேராவது உங்கள் கல்லூரிக்கு வரட்டும். உங்கள் விடுதியில் தங்கட்டும். உங்கள் நூலகத்தைப் பார்க்கட்டும். உங்கள் மேடையில் ஏறித் தம் ஊர்க் கதையைச் சொல்லட்டும். ஒருவழிப் பயணத்துக்குப் பரிமாற்றம் என்று பெயர் வைக்காதீர்கள்.

தோழர்களே, நமக்கும் வேலை இருக்கிறது. வருகிறவர்களைக் கண்டு ஒதுங்கி நிற்காதீர்கள். "அவர்கள் படித்தவர்கள், நாம் என்ன பேசுவது?" என்று கூசாதீர்கள். உப்பைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததில் பத்தில் ஒரு பங்கு அவர்களுக்குத் தெரியாது. சங்க அலுவலகத்தில் ஒரு நாள் மாலை உட்கார வையுங்கள். உங்கள் கேள்வியை நீங்கள் கேளுங்கள். அவர்கள் கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். அவர்கள் ஊரில் ஆலைத் தொழிலாளிக்கு என்ன கூலி, எத்தனை மணி வேலை, முதுமைக்கு என்ன ஏற்பாடு என்று விசாரியுங்கள். எங்கோ ஒரு நாட்டில் உழைப்பாளி போராடிப் பெற்ற உரிமை, இங்கே நாம் கேட்க மறந்த உரிமையாக இருக்கக் கூடும்.

அவர்கள் பெயரையும், செய்வதாகச் சொன்ன வேலையையும் சங்கத்துக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு அந்தக் கல்லூரியிலிருந்து வண்டி வரும்போது குறிப்பேட்டைத் திறந்து வைத்துக் கேளுங்கள்: சொன்னது நடந்ததா? நடந்திருந்தால் சோறு போடுங்கள். நடக்கவில்லை என்றாலும் சோறு போடுங்கள். ஆனால் சோற்றோடு அந்தக் கேள்வியையும் பரிமாறுங்கள். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது நம் நாட்டு வழக்கு. நாட்டுக்கே உப்பிட்டவர்களை நினைக்க வைக்கும் பொறுப்பு, வருகிற மாணவர்களுக்கும் உண்டு. அவர்களை வரவேற்கிற நமக்கும் உண்டு.