கழுவக் கூடாத பாட்டில்

குடமோ பாட்டிலோ, தண்ணீர் பிடிக்கும் முன் இரண்டு தடவை அலசி ஊற்றாவிட்டால் நமக்கு மனசு கேட்காது. குடிநீர் மாதிரி எடுக்க வரும் சுகாதாரத் துறை ஊழியர் மட்டும் அப்படிச் செய்யக் கூடாது. கிருமி நீக்கி அனுப்பப்பட்ட அவருடைய பாட்டிலின் அடியில் கொஞ்சம் சோடியம் தயோசல்பேட் இருக்கும். தண்ணீரில் உள்ள குளோரினை அந்த இடத்திலேயே முறிப்பது அதன் வேலை. அலசினால் அது போய்விடும். குழாயடியில் உயிரோடு இருந்த கிருமி, லேபுக்குப் போகும் வழியெல்லாம் குளோரினில் ஊறிச் செத்துவிடலாம். "கிருமி இல்லை" என்று ரிசல்ட் வரும். தெருவில் வாந்தி பேதி, காகிதத்தில் சுத்தமான தண்ணீர்!

கொள்ளைநோய்க் காலத்தில் டி.வி.யில் காட்டுவது எப்போதும் லேபுக்குள் இருக்கும் இயந்திரத்தைத்தான். அந்த இயந்திரம் தனக்கு வந்து சேர்ந்த மாதிரிக்குத்தான் பதில் சொல்லும். மாதிரியை யார் எடுத்தார், எந்த நாளில் எடுத்தார், எதில் வைத்து அனுப்பினார் என்பதில் பாதி ரிசல்ட் முடிவாகிவிடுகிறது. புதுச்சேரிக்கு இது மற்ற ஊர்களைவிடக் கூடுதல் தலைவலி. பிரெஞ்சுக்காரர்கள் வணிகத்துக்காகப் பிடித்து வைத்த துண்டுகளே இன்றைய யூனியன் பிரதேசம். காரைக்கால் தெற்கே சுமார் 130 கிலோமீட்டர். மாஹே கேரளக் கரையில், ஏனாம் ஆந்திரத்தில் காக்கிநாடா பக்கம். பெரிய ஆய்வகங்கள் இருப்பதோ புதுச்சேரி நகரத்தின் கோரிமேட்டில். நோய் அந்த எல்லைக்கோடுகளைப் பார்த்து வருவதில்லை. 2020 மார்ச் 17 அன்று இந்தப் பிரதேசத்தின் முதல் கொரோனா தொற்று உறுதியானது புதுச்சேரி நகரத்தில் அல்ல, மாஹேயில்.

2022 ஜூலை தொடக்கத்தில் காரைக்காலில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். வாந்தி பேதியோடு மருத்துவமனைக்கு வந்தவர்கள் நூற்றுக்கணக்கில் பெருகினார்கள். குடிநீரில் கழிவுநீர் கலந்திருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்தது. பரிசோதனையில் சிலருக்குக் காலரா உறுதியானதும் ஜூலை 3, ஞாயிற்றுக்கிழமை, சுகாதார அவசரநிலை அறிவிக்கப்பட்டது. பள்ளி, கல்லூரிகளை மூடினார்கள். 144 தடை உத்தரவும் வந்தது. காலராவெல்லாம் தாத்தா காலத்துக் கதை என்று நினைத்திருந்தவர்களுக்கு அது ஓர் அதிர்ச்சி.

காலராவை உறுதிசெய்வது எப்படி? நோயாளியின் மலத்திலிருந்து பஞ்சுக்குச்சியில் மாதிரி எடுத்து, கேரி பிளேர் என்ற கூழ் போன்ற ஊடகத்தில் செருகுவார்கள். ஈரம் காய்ந்தால் கிருமி போச்சு. இங்கே ஒரு விஷயம் அடிக்கடி குழப்பிவிடும். மூக்கிலிருந்தோ தொண்டையிலிருந்தோ எடுக்கும் வைரஸ் மாதிரியை ஐஸ் பெட்டியில் வைத்துத்தான் அனுப்ப வேண்டும். காலரா மாதிரிக்குக் குளிர் ஆகாது, நிழலில் சும்மா வைத்திருந்தாலே போதும். இரண்டையும் நல்லெண்ணத்தோடு ஒரே ஐஸ் பெட்டியில் அடைத்து அனுப்பினால், ஒன்று பிழைக்கும், மற்றது பிழைப்பது சந்தேகம்.

லேபில் அந்தக் குச்சியை முதலில் காரத்தன்மையுள்ள பெப்டோன் நீரில் போட்டு ஆறேழு மணி நேரம் விடுவார்கள். மற்ற குடல் கிருமிகள் காரத்தில் திணறும்போது காலராக் கிருமி மட்டும் துள்ளிப் பெருகி மேலே மிதந்து வரும். குழாயைக் குலுக்கிவிடாமல் மேற்பரப்பிலிருந்து ஒரு துளியை எடுத்து, பாசிப்பச்சை நிற வளர்ப்புத் தட்டில் இழுப்பார்கள். மறுநாள் காலையில் அந்தப் பச்சையின் மேல் மஞ்சள் மஞ்சளாகப் பொட்டு வைத்தாற்போல் தெரிந்தால் காலராவாக இருக்கலாம். அதில் ஒன்றைத் தொட்டுக் கண்ணாடித் தகட்டில், காலராக் கிருமியை அடையாளம் காட்டும் ஆன்டிசீரத்தோடு கலப்பார்கள். திரிந்த பால் போலத் திட்டுத் திட்டானால் ஏறக்குறைய உறுதி. அவசரப்படுத்தினாலும் கிருமி வளர எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் குறைக்க முடியாது. சாம்பிள் வந்து சேர்ந்த பிறகு ஒன்றரை நாளாவது ஆகும்.

"அத்தனை பேர் படுத்திருக்கும்போது சிலருக்கு மட்டும் சோதித்தால் போதுமா? மறைக்கிறார்களா?" அப்போது டீக்கடை தவறாமல் கேட்ட கேள்வி. நியாயமானதுதான். ஆனால் காலராவில் எல்லாருக்கும் சோதனை தேவையே இல்லை. வெளியிலிருந்து கொண்டுவராமல் உள்ளூரிலேயே தொற்றிய ஒரே ஒருவருக்கு உறுதியானாலும் அது நோய்ப்பரவல்தான். அதற்குமேல் லேபுக்கு உள்ள வேலை வேறு: எந்த மருந்துக்குக் கிருமி மசிகிறது, எந்தக் குழாய்த் தண்ணீரில் கோளாறு, பரவல் அடங்கிவிட்டதா. படுத்திருப்பவருக்கு ஓ.ஆர்.எஸ். கொடுக்க ரிசல்ட்டுக்காகக் காத்திருக்கக் கூடாது.

லேபில் இருப்பவர் தன் கண்ணை நம்ப வேண்டிய நேரமும் உண்டு. 1992 கடைசியில் மதராஸில் காலரா நோயாளிகளிடமிருந்து எடுத்த கிருமி, தட்டில் அச்சு அசல் காலராவாகவே வளர்ந்தது. ஆன்டிசீரத்தில் மட்டும் திரியவில்லை. ஓ1 என்ற வகைதான் கொள்ளைநோயாகப் பரவும் என்பது அதுவரை பாடப்புத்தகம் சொன்னது. "ஓ1 இல்லை, ஆகவே காலரா இல்லை" என்று எழுதிவிட்டுத் தட்டைக் குப்பையில் போட்டிருக்கலாம். போடவில்லை. மதராஸ், கல்கத்தா, வங்கதேசம் என்று வங்கக் கடலோரம் முழுக்க அதே கிருமி தென்பட, ஏற்கெனவே தெரிந்திருந்த 138 வகைகளுக்கு அடுத்ததாக ஓ139 என்று எண் போட்டார்கள். 'பெங்கால்' என்பது இன்னொரு பெயர். மதராஸ் என்று வைத்திருக்கலாமே என்று எனக்கு ஒரு சின்ன ஆதங்கம்!

டெங்குவில் நாள் கணக்குதான் எல்லாம். காய்ச்சல் தொடங்கிய முதல் ஐந்து நாளுக்குள் வந்தால் வைரஸின் புரதத்தைத் தேடும் என்.எஸ்.1 சோதனை. அதன் பிறகு உடம்பு உண்டாக்கும் ஐ.ஜி.எம். எதிர்ப்பொருளைத் தேட வேண்டும். இரண்டாம் நாளில் ஐ.ஜி.எம். மட்டும் பார்த்து "டெங்கு இல்லை" என்று வீட்டுக்கு அனுப்பினால், குற்றம் இயந்திரத்தின் மேல் இல்லை.

லேபின் கணக்கு ஆட்சியாளர் கையில் போய் என்ன ஆகிறது என்பதற்கும் இங்கே உதாரணம் உண்டு. 2023 மார்ச்சில் எச்3என்2 வகை இன்ஃப்ளூயன்ஸா பரவியதும், ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை மார்ச் 16 முதல் 26 வரை விடுமுறை விட்டது புதுச்சேரி அரசு. அந்த முடிவு சரியா, அவசரமா என்று வாதாடலாம். ஆனால் 'ஏதோ மர்மக் காய்ச்சல்' என்று வதந்தி பரவாமல் ஒரு பெயர் சொல்ல முடிந்தது லேபால்தான்.

புதுச்சேரியில் நோயாளி வருவதற்கு முன்பே கொசுவைப் பிடித்துப் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். இந்திரா நகரில் உள்ள வி.சி.ஆர்.சி. என்ற நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம், 1975இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தொடங்கியது. ஒரு காலத்தில் யானைக்கால் நோய்க்குப் பேர்போன ஊர் இது. அதைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு சாக்கடையில் முட்டையிடும், டெங்குவின் ஏடிஸ் நம் வீட்டு டிரம்மில். ஊர் ஊராகக் கொசுவைப் பிடித்து, அதன் உடம்பில் கிருமி இருக்கிறதா என்று சோதித்தால், ஆயிரம் பேர் கையில் ஊசி குத்தாமலே அங்கே நோய் சுற்றுகிறதா என்று தெரிந்துவிடும். கொசுப் புழுவைக் கொல்லும் பாக்டீரியா மருந்து இங்கே உருவானது. டெங்கு வைரஸைத் தன்னுள் பெருகவிடாத வொல்பாக்கியா ஏடிஸ் கொசுக்களை உருவாக்கியிருப்பதாக 2022இல் அறிவித்ததும் இவர்கள்தான்.

இதெல்லாம் நோய் இல்லாத நாளில் நடக்கும் வேலை. அந்த நாளில்தான் லேபுக்குக் கவனிப்பும் குறைவு. நோய்க் கண்காணிப்புக்காகக் களப்பணியாளரின் 'எஸ்' படிவம், மருத்துவரின் 'பி' படிவம், லேபின் 'எல்' படிவம் என்று மூன்றும் கணினியில் ஏறிக்கொண்டே இருக்கும். பெரும்பாலான நாளில் 'எல்' படிவத்தில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இருக்காது. சாதாரண ஜூன் மாதத்தில் பேதிக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று தெரிந்தால்தானே, இந்த ஜூனில் கூடுதல் என்று சொல்ல முடியும்? ஆன்டிசீரம் காலாவதியாகாமல் இருக்கிறதா, மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசருக்கு ஜெனரேட்டர் இணைப்பு உண்டா, ஞாயிற்றுக்கிழமை சாம்பிள் வந்தால் வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறாரா என்பதையெல்லாம் அப்போதே பார்த்துவைக்க வேண்டும். நோய் வந்த பிறகு டெண்டர் விட்டுக் கிட் வாங்குவது தீப்பிடித்த பிறகு கிணறு வெட்டுகிற கதைதான். தற்காலிக ஊழியர்களைக் கொள்ளைநோய் முடிந்ததும் கலைத்துவிட்டால், சாம்பிளை எப்படி அடைப்பது என்று கற்ற கையும் அவர்களோடு போய்விடும்.

நம் பங்கும் ஒன்று இருக்கிறது. பரிசோதனைக்குப் போனால், படிவத்தில் 'காய்ச்சல் தொடங்கிய தேதி' என்ற கட்டத்தை உத்தேசமாக நிரப்பாதீர்கள், யோசித்துச் சரியாகச் சொல்லுங்கள். மருந்துக்கடையில் நீங்களே கேட்டு வாங்கிப் போட்ட ஆன்டிபயாட்டிக் மாத்திரை இருந்தால் அதையும் மறைக்க வேண்டாம். முடிந்தால் அந்த அட்டையையே கொண்டுபோய்க் காட்டுங்கள்.