வீட்டுக் குடிநீரும் எதிர்ச் சவ்வூடு பரவலும்: செயல்முறையும் தேவையும்

முன்னுரை

நீரைக் காய்ச்சிப் பருகுதல் தமிழ்க் குடும்பங்களின் நெடுநாளைய வழக்கமாகும். கொதித்தல் நோய்க்கிருமிகளை அழிக்கும். ஆனால் புளோரைடு, சோடியம் போன்ற கரைபொருள்களை அகற்றாது. நீர் ஆவியாவதால் அவற்றின் செறிவு சற்றே மிகும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் மிகுந்துள்ள புளோரைடு இத்தகைய சிக்கலாகும். ஆர்.ஓ. எனப்படும் எதிர்ச் சவ்வூடு பரவல் இதற்குத் தீர்வாகிறது. அது செயல்படும் விதத்தையும் எவ்வகை நீருக்கு அது தேவை என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

சவ்வூடு பரவலும் எதிர்த்திசையும்

உலர்திராட்சையை நீரிலிட்டால் அது உப்புகிறது. செறிவு குறைந்த பக்கத்திலிருந்து செறிவு மிகுந்த பக்கத்திற்கு நீர் சவ்வின் வழியே செல்வதே காரணம். இவ்வோட்டத்தை நிறுத்தத் தேவைப்படும் அழுத்தமே சவ்வூடு பரவல் அழுத்தம். அதனினும் மிகுந்த அழுத்தத்தைச் செறிவு மிகுந்த பக்கத்தில் செலுத்தினால் நீர் எதிர்த்திசையில் நகரும். கரைபொருள்களின் பெரும்பகுதி பின்தங்கும். சவ்வூடு பரவல் அழுத்தம் கடல்நீருக்கு ஏறத்தாழ 27 பார். லிட்டருக்கு 1000 மி.கி. உப்புடைய கிணற்றுநீருக்கு 1 பாருக்கும் குறைவு. ஆதலின் வீட்டுக் கருவிக்குச் சிறு பம்பே போதுமானது. 1960ஆம் ஆண்டையொட்டி, லாஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் சிட்னி லோப், சீனிவாச சௌரிராஜன் ஆகிய இருவரும் உருவாக்கிய செல்லுலோஸ் அசிட்டேட் சவ்வு இம்முறையை நடைமுறைக்குக் கொணர்ந்தது.

கருவியின் படிநிலைகள்

முதல் வடிகட்டி மண்ணையும் துருவையும் தடுக்கிறது. அடுத்துள்ள கரி வடிகட்டி குளோரினை நீக்குகிறது. இன்றைய சவ்வுகள் பாலிஅமைடால் ஆனவை. குளோரின் அவற்றைச் சிதைக்கும் என்பதால் இப்படிநிலை இன்றியமையாதது. பின்னர் நீர் சவ்வை அடைந்து, தூயநீர், கழிவுநீர் என இரண்டாகப் பிரிகிறது. பல கருவிகளில் இறுதியாகப் புற ஊதாக் கதிரும் செலுத்தப்படுகிறது.

கழிவுநீர்க் கணக்கு

உட்செல்லும் நீரில் கால்பங்கே தூயநீராகக் கிடைப்பின், 10 லிட்டர் பருகுநீருக்கு 30 லிட்டர் கழிவாகும். லிட்டருக்கு 1200 மி.கி. கரைபொருள் கொண்ட நீரில் 95 விழுக்காடு தடுக்கப்பட்டால், தூயநீரில் 60 மி.கி. எஞ்சும், கழிவுநீரில் அது 1580 மி.கி. ஆகும். மீட்பு 60 விழுக்காடாக உயர்ந்தால் கழிவு 7 லிட்டருக்கும் கீழே குறையும். ஆயின் அதன் செறிவு 2900 மி.கி.யைத் தாண்டும். அந்நீர் தரை கழுவவும் கழிவறைக்கும் ஏற்றது, செடிகளுக்கு ஏற்றதன்று.

எவ்வகை நீருக்குத் தேவை?

இந்தியத் தர நிர்ணயம் (ஐ.எஸ். 10500) கரைந்த திண்மங்களுக்கு லிட்டருக்கு 500 மி.கி.யை ஏற்புடைய அளவாகவும், மாற்று நீராதாரம் இல்லாதவிடத்து 2000 மி.கி.யை உச்ச அளவாகவும் வரையறுக்கிறது. 500 மி.கி.க்குக் குறைவான இடங்களில் ஆர்.ஓ. கருவியைத் தடைசெய்யவும், பிற இடங்களில் 60 விழுக்காட்டிற்கு மேல் நீரை மீட்கவும் விதிகள் வகுக்குமாறு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019இல் ஆணையிட்டது. எனினும் இவ்வோர் எண் மட்டும் போதாது. டி.டி.எஸ். அளவி நீரின் மின்கடத்துதிறனைக் கொண்டே மதிப்பிடுகிறது. புளோரைடையோ கிருமியையோ அது தனித்துக் காட்டாது. ஆய்வகச் சோதனையே அவற்றை வெளிப்படுத்தும்.

முடிவுரை

எதிர்ச் சவ்வூடு பரவல் கரைபொருளுக்கான மருந்து. எல்லா நீருக்குமான பொது மருந்தன்று. உப்புக் குறைந்த ஆற்றுநீரில் கிருமி மட்டுமே குறையாயின் காய்ச்சுதலே போதும், அங்கு ஆர்.ஓ. கருவி நன்னீரையும் பயனுள்ள கனிமங்களையும் வீணாக்கும். புளோரைடு மிகுந்த கிணற்றுநீருக்கோ காய்ச்சுதல் பயன் தராது. ஆகவே நீரைச் சோதித்தல் முதற்பணி. கருவியைத் தேர்தல் அதன் பின்னரே.