பள்ளி மாறினாலும் மாறாத ஒருவர்

அமெரிக்காவில் பெற்றோரின் கொடுமையாலோ புறக்கணிப்பாலோ வீட்டைவிட்டு அகற்றப்படும் பிள்ளையை நீதிமன்றம் அரசின் பொறுப்பில் விடுகிறது. உறவினர் வீடு, வளர்ப்புப் பெற்றோர் வீடு, காப்பகம் ஆகியவற்றுள் எங்கே தங்குவது என்பதைப் பெரும்பாலும் நலத்துறைதான் முடிவு செய்கிறது. வளர்ப்புப் பராமரிப்பு எனப்படும் இந்த ஏற்பாட்டில் ஒரு பிள்ளை சில ஆண்டுகளுக்குள் பல வீடுகள் மாற நேரலாம். வீடு மாறினால் பெரும்பாலும் பள்ளியும் மாறும். படிப்பு அறுபடுவது அங்கேதான்.

கலிபோர்னியாவின் பள்ளித் தரவுகளையும் நலத்துறைத் தரவுகளையும் இணைத்துப் பார்த்த வெஸ்ட்எட் நிறுவனத்தின் ஆய்வு 2013-இல் வெளிவந்தது. 2009-10 கல்வியாண்டில் 12-ஆம் வகுப்பில் இருந்தவர்களில் 84 சதவீதம் பேர் உயர்நிலைப் பள்ளிப் பட்டயம் பெற்றார்கள். வளர்ப்புப் பராமரிப்பில் இருந்தவர்களிலோ 58 சதவீதம் பேர்தான். ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளைவிடவும் இவர்கள் பின்தங்கியிருந்தார்கள். அதுவரை பள்ளித் தரவுகளில் இந்தப் பிள்ளைகள் தனியே தெரியவே இல்லை என்பதுதான் வேதனை.

தேர்ச்சி தவறுவதற்குப் பிள்ளையின் அறிவுக் குறைவு காரணமல்ல. அமெரிக்க உயர்நிலைப் பள்ளியில் ஒவ்வொரு பாடத்தையும் பருவம் முழுக்கப் படித்து முடித்தால்தான் அதற்குரிய கிரெடிட், அதாவது பட்டயத்துக்குச் சேர வேண்டிய பாடப் புள்ளி, கிடைக்கும். பருவத்தின் நடுவில் பள்ளி மாறுகிற மாணவி படித்த வாரங்கள் கணக்கில் ஏறாமலே போகலாம். பழைய பள்ளியிலிருந்து சான்றுகள் வரத் தாமதமானால், முடித்த பாடத்திலேயே மறுபடி உட்கார வைப்பார்கள்.

இதைத் தடுக்கச் சட்டங்கள் உண்டு. கலிபோர்னியாவில் 2004 முதல் நடப்பில் உள்ள ஏ.பி. 490 சட்டப்படி, சான்றுகள் கையில் இல்லாவிட்டாலும் புதிய பள்ளி உடனே சேர்த்துக்கொள்ள வேண்டும்; பாதி முடித்த பாடத்துக்கும் பகுதிக் கிரெடிட் தர வேண்டும். உயர்நிலைப் பள்ளியின் இரண்டாம் ஆண்டுக்குப் பிறகு பள்ளி மாறியவர், உரிய காலத்தில் முடிக்க வழியில்லையென்றால், பள்ளி மாவட்டத்தின் கூடுதல் பாடங்களை விட்டுவிட்டு மாநிலம் கேட்கும் பாடங்களை மட்டும் முடித்துப் பட்டயம் பெறலாம். வீடு மாறினாலும் பழைய பள்ளியிலேயே தொடரும் உரிமையை 2015-ஆம் ஆண்டின் கூட்டாட்சிக் கல்விச் சட்டம் நாடு முழுவதற்கும் உறுதி செய்தது. ஆனால் இந்த உரிமைகளைப் பள்ளி அலுவலகத்தில் கேட்டு வாங்க ஒரு பெரியவர் வேண்டும். மற்ற வீடுகளில் அம்மாவோ அப்பாவோ செய்யும் வேலை அது. வழக்குகள் குவிந்த நலத்துறை ஊழியருக்கு அதற்கு நேரம் இருப்பதில்லை.

தன்னார்வ வழிகாட்டி வந்து நிற்பது இந்த இடத்தில். வாரம் ஒருமுறை நூலகத்திலோ பள்ளியிலோ மாணவியோடு உட்கார்ந்து அல்ஜீப்ரா சொல்லிக்கொடுப்பது அவர் வேலையில் ஒரு பகுதிதான். எந்தக் கிரெடிட் விட்டுப்போனது என்று பார்ப்பதும், பள்ளி ஆலோசகரையும் மாவட்டத்தின் வளர்ப்புப் பிள்ளைகளுக்கான தொடர்பு அலுவலரையும் அணுகச் செய்வதும் அதைவிடப் பெரிய உதவி. மதிப்பெண் பதிவுகளை அவர் தம் விருப்பப்படி பார்த்துவிட முடியாது. பிள்ளையின் கல்வி குறித்து முடிவெடுக்கும் சட்ட உரிமை உள்ளவரின் அனுமதி வேண்டும். பணியில் சேருமுன் கைரேகையும் குற்றப் பின்னணியும் சரிபார்க்கப்படும். பிள்ளை வீட்டைவிட்டு வந்த கதையை அவர் கிளறக் கூடாது. பிள்ளையாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். கொடுமை நடப்பதாகத் தெரிந்தாலோ, தானே விசாரிக்கப் போகாமல் உடனே உரியவர்களிடம் சொல்ல வேண்டும்.

இத்தகைய உதவியின் பலன் எங்கும் ஒரே மாதிரி இல்லை. லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் 14, 15 வயதுப் பிள்ளைகளின் வீட்டுக்கே கல்லூரி மாணவர்கள் சென்று பாடம் நடத்திய திட்டத்தை ஆராய்ந்த 2008-ஆம் ஆண்டு அறிக்கை, குறிப்பிடத்தக்க முன்னேற்றம் எதையும் காணவில்லை. கனடாவின் ஒன்டாரியோவில் இன்னும் இளைய பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகத் தன்னார்வலர்கள் சிறு குழுக்களாக, வரையறுத்த பாடமுறையில் கற்பித்தபோது வாசிப்பிலும் கணக்கிலும் முன்னேற்றம் தெரிந்தது. சிறு வயதிலேயே தொடங்குவதும், முறையான பாடத்திட்டத்தோடு நடத்துவதும் பலன் தரும் என்று கருத இது இடம் தருகிறது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது கால அளவு. பிள்ளைகளுக்குத் தன்னார்வ வழிகாட்டிகளை அமர்த்தும் பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ் அமைப்பின் வழிகாட்டிகளை வைத்து ஜீன் கிராஸ்மனும் ஜீன் ரோட்ஸும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டுக்கு மேல் நீடித்த உறவுகளே அதிக நன்மை தந்தன. மூன்று மாதத்துக்குள் முறிந்தபோது பிள்ளைகளின் தன்மதிப்பும், படிக்க முடியும் என்ற நம்பிக்கையும் குறைந்தன. கொடுமைக்கு ஆளான பிள்ளைகளின் வழிகாட்டி உறவுகள் சீக்கிரம் முறியும் வாய்ப்பு அதிகம் என்பதையும் அதே ஆய்வு காட்டியது. ஏற்கெனவே பலர் விட்டுப்போன பிள்ளை புதிதாக வருபவரைப் பல வாரம் சோதித்துப் பார்க்கும். வராமல் இருக்கும், பேசாமல் இருக்கும். அந்த வாரங்களைத் தாண்டியும் வருபவரே வழிகாட்டி. ஒரு கல்வியாண்டு முழுக்கத் தொடர முடியாதவர் இப்பொறுப்பை ஏற்காமல், கல்லூரி உதவித்தொகைப் படிவம் நிரப்பித் தருவது போன்ற ஒருநாள் பணிகளுக்குத் தம் நேரத்தைத் தருவதே நல்லது.