மூணு ஒயரும் மூணு வோல்ட்டும்

முன்பெல்லாம் கோயம்புத்தூர் நூற்பாலைகளில் ரிங் ஃபிரேமின் ஓரத்தில் ஹேங்க் மீட்டர் என்று ஒரு சின்னப் பெட்டி இருக்கும். முன் ரோலர் சுற்றச் சுற்ற, பல்சக்கரம் வழியாக அதில் எண்கள் உருளும். ஒரு ஹேங்க் என்றால் 840 கஜ நூல். ஷிப்ட் முடிகிறபோது மேஸ்திரி குனிந்து பார்த்து நோட்டில் குறித்துக்கொள்வார். அதில் கரண்ட் கிடையாது. அதனால் எரிந்துபோகவும் ஒன்றும் கிடையாது.

அப்புறம் பிராக்ஸி வந்தது. உலோகம் கிட்டே வந்தால் தொடாமலே கண்டுபிடிக்கிற இந்தச் சாமானை 1958-ல் ஜெர்மனியின் மன்ஹைம் நகரத்து பெப்பெர்ல் பிளஸ் ஃபுக்ஸ் நிறுவனம் ஒரு ரசாயன ஆலைக்காகச் செய்தது. நம் பட்டறைகளுக்கு அது பழக வெகுநாள் ஆயிற்று. பழுப்பு ஒயரில் 24 வோல்ட், நீலத்தில் பூஜ்யம், கருப்பில் சிக்னல். 1990-களில் நான் பேனல் வேலைக்குச் சேர்ந்தபோது பார்த்த அதே மூன்று ஒயர்தான் இன்று புதுப் பெட்டியைப் பிரித்தாலும் வருகிறது.

மாறியதெல்லாம் கருப்பு ஒயர் போய்ச் சேருகிற இடம்.

அன்று அது ரிலே காயிலுக்குப் போனது. காயில் ஒரு பக்கம், காண்டாக்ட் இன்னொரு பக்கம், நடுவில் காற்று. காயில் பக்கம் என்ன கூத்து நடந்தாலும் மறுபக்கம் தெரியாது. இரண்டையும் பிரித்து வைக்கிறோம் என்று நாங்கள் யாரும் நினைத்துச் செய்ததில்லை. ரிலேயின் உடம்பே அப்படி. ஆனால் வேகமாக எண்ணச் சொன்னால் அது திணறும். ஒரு தட்டுக்கு மூன்று தட்டாகக் காண்டாக்ட் துள்ளும்.

அதனால் 5 வோல்ட்டில் ஓடும் 8051 சில்லு வந்தது, அதற்கு முன்னால் பி.சி.817 என்ற நாலு கால் ஆப்டோ. உள்ளே ஒரு எல்.இ.டி, எதிரே வெளிச்சம் பட்டால் திறக்கிற டிரான்சிஸ்டர். ரிலேயில் காற்று செய்த வேலையை இங்கே வெளிச்சம் செய்கிறது. என் முதல் போர்டுகளில் எல்.இ.டி-க்கு 2.2 கிலோ ஓம் போட்டேன். பத்து மில்லி ஆம்பியர், நல்ல பலமான சிக்னல். ஆனால் ரெசிஸ்டரில் 0.24 வாட் சூடு. போட்டிருந்ததோ கால் வாட் ரெசிஸ்டர். ஆறு மாதத்தில் போர்டு அங்கங்கே காப்பி நிறமாகிவிட்டது. அரை வாட் வாங்கி மாற்றினேன்.

இன்றைய இ.எஸ்.பி.32 சில்லு ஓடுவது 3.3 வோல்ட்டில். சில்லு இறங்கிக்கொண்டே போக, சென்சார் 24-லேயே நிற்கிறது. பிடிவாதம் இல்லை அது. தொழிற்சாலை இன்புட்டுக்கான ஐ.இ.சி தரத்தில், முதல் வகைக்கு 15 வோல்ட்டுக்கு மேல் போனால் ஆன், 5-க்குக் கீழே ஆஃப். நடுவில் உள்ள பத்து வோல்ட் மோட்டார், வெல்டிங் இரைச்சலெல்லாம் ஆடித் தீர்க்க விட்ட களம். சில்லின் மொத்த உயரமே அந்தக் களத்துக்குள் மூன்று தடவை அடங்கும்.

அளவைக் கரண்டாக அனுப்பும் 4-20 மில்லி ஆம்பியர் சென்சார்களில், சில்லின் வோல்ட்டுக்கு இறக்குகிற தொல்லை குறைவு. அன்று 250 ஓம் போட்டு 1 முதல் 5 வோல்ட் எடுத்தோம். இன்று 150 ஓம் போட்டால் 0.6 முதல் 3. ஒரு ரெசிஸ்டரோடு முடிந்தது.

பிராக்ஸி அப்படி விடுவதில்லை. எனக்குத் தெரிந்த பையன் ஒருவன், 10 கிலோ ஓமும் 1.5 கிலோ ஓமும் போட்டு 24-ஐ மூன்று வோல்ட்டாகப் பிரித்து, உற்பத்திக் கணக்கு முதலாளி கைப்பேசிக்கே போகிற மாதிரி செய்துவிட்டான். மேஜையில் அற்புதமாக ஓடியது. மில்லில் மாட்டின அன்றைக்கே போன் வந்தது.

"அண்ணா, மெஷின் நிக்குதுங்க. கவுண்ட் மட்டும் ஓடிட்டே இருக்குதுங்ணா."

போய்ப் பார்த்தேன். சென்சார் கேபிளும் மோட்டார் வேகத்தை மாற்றும் இன்வெர்ட்டரின் கேபிளும் ஒரே டிரேயில் தோளோடு தோளாகப் படுத்திருந்தன. அந்தக் கேபிளின் இரைச்சலும் இரண்டு ரெசிஸ்டர் வழியாக நேரே சில்லுக்குள் போய்க்கொண்டிருந்தது. ரெடிமேட் ஆப்டோ மாட்யூல் போடச் சொல்லிவிட்டு வந்தேன். போட்டான். பொய்க் கணக்கு நின்றது. ஆனால் பக்கத்து மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போதெல்லாம் போர்டு ரீசெட் ஆனது.

"கிரவுண்டு எங்கடா குடுத்தே?"

"ரெண்டையும் சேத்துட்டேனுங்ணா. காமன் கிரவுண்டு வேணும்னு வீடியோல சொன்னாங்க."

மாட்யூலில் அதற்கென்றே ஒரு ஜம்பர் இருந்தது. காசு கொடுத்து வாங்கிய இடைவெளியை ஒரு துண்டு கம்பியால் மூடிவிட்டான்! அதைப் பிடுங்கினேன். அப்புறம்தான் கவனித்தேன்: போர்டுக்கான 5 வோல்ட்டையே சென்சாரின் 24-லிருந்து ஒரு பக் கன்வெர்ட்டர் வைத்து எடுத்திருந்தான். அதில் உள்ளே வருகிற கிரவுண்டும் வெளியே போகிற கிரவுண்டும் ஒன்றேதான். ஜம்பர் போனாலும் பாலம் அப்படியே இருக்கிறது.

நீல ஒயரை 24 வோல்ட் சப்ளையோடு நிறுத்தச் சொன்னேன். போர்டுக்குத் தனியாக ஒரு 5 வோல்ட் சப்ளை வாங்கி வர, அவன் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.