கரும்பு வருமுன் முடிக்க வேண்டிய வேலை

திருவண்ணாமலை மாவட்டத்தில், செய்யாறு அருகே அனக்காவூரில் கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிறது. நம் பக்கத்து ஆலைகளில் பெரும்பாலும் மலையில் தீபம் ஏற்றும் கார்த்திகையை ஒட்டியோ, மார்கழியிலோ அரவை தொடங்கும். தொடங்கிவிட்டால் இரவு பகல் கிடையாது. வெட்டிய கரும்பு காயக் காயச் சர்க்கரைச் சத்து குறையும். ஒரு நாளுக்குள் அரைத்துவிடுவதே நல்லது. நாளுக்கு 2,500 டன் அரைக்கும் ஆலை ஒரு மணி நேரம் நின்றால், 100 டன்னுக்கு மேல் கரும்பு வாசலில் டிராக்டரிலேயே கிடக்கும். வெட்டு உத்தரவு வாங்கி, கூலி கொடுத்து வெட்டி வந்த விவசாயிக்குத்தான் எடை நட்டம்.

இந்த அளவு ஆலை ஒன்றைக் கணினிக் கட்டுப்பாட்டுக்கு மாற்ற வேண்டும் என்று வையுங்கள். ஆலை ஓடாத மாதங்களில் செய்துவிடலாமே என்று தோன்றும். பாதிதான் சரி. மில்லைப் பிரித்துப் பராமரிப்பதும் அதே மாதங்களில்தான்; மோட்டார் கழன்று கிடக்கும்போது அதன் வயரைச் சோதிக்க முடியாது. போதாததற்கு, கரும்பில்லாமல் ஓட்டிப் பார்ப்பது அரைச் சோதனைதான்.

ஆகவே பெரும்பகுதி வேலை முந்தைய அரவை நடக்கும்போதே முடிந்திருக்க வேண்டும். பழைய பேனலைத் திறந்தால் வரைபடத்தில் இல்லாத வயர்கள் கிடக்கும். என்றோ ஒரு நள்ளிரவில் அவசரத்துக்கு இழுத்தவை. ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று எழுத வேண்டும். அலுப்பான வேலை. திட்டம் போடுபவர்கள் நாள் குறைக்கும்போது முதலில் கை வைப்பது இதில்தான். பின்னால் ஆலை நிற்க இதுவே காரணமாகலாம்.

இன்னொரு பக்கம், கணினிக் கட்டுப்பாட்டுக்கான புரோகிராமைச் செய்து தருபவர்களின் இடத்திலேயே போலி சிக்னல் கொடுத்துச் சோதிக்கலாம். அளவிகள் 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வரை மின்னோட்டம் அனுப்புகின்றன. தொட்டி காலியென்றாலும் 4 வரும். சுழியம் வந்தால் வயர் அறுந்திருக்கலாம். அப்போது என்ன செய்ய வேண்டும் என்பதை மேசையிலேயே சோதித்துவிடலாம்.

பிறகு தண்ணீர் விட்டு பம்புகளையும் வால்வுகளையும் ஓட்டிப் பார்ப்பார்கள். கொதிகலனில் மட்டும் எதையும் தள்ளிப்போட முடியாது. நீர்மட்டம் இறங்கினால் எரிபொருளை நிறுத்தும் பாதுகாப்பு, அரவைக்கு முன் கொதிகலனுக்கு இளஞ்சூடு ஏற்றும் விழாவுக்கு முன்பே சரிபார்க்கப்பட்டிருக்க வேண்டும்.

மில்லின் வேகம் அப்படியல்ல. மில்லுக்குள் இறங்கும் வழியில் கரும்பு நிற்கும் உயரத்தைப் பார்த்து வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கணக்கு, நிஜக் கரும்பு வந்த பிறகுதான் படியும். சத்தத்தை வைத்தே மில் திணறுகிறதா என்று சொல்லும் பழைய ஆபரேட்டர் அந்த நாட்களில் பக்கத்தில் இருப்பது நல்லது. பழைய பேனலையும் முதல் பருவம் முடியும்வரை கழற்றக் கூடாது. கோளாறு இத்தனை நிமிடத்துக்குள் சரியாகாவிட்டால் பழைய பொத்தானுக்குத் திரும்பலாம் என்று முன்கூட்டியே எழுதி ஒட்டிவிட வேண்டும்; இரவு ஷிஃப்டில் மேலாளரை எழுப்பிக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது.